ஊதா அரக்கன் – 14: மூன்றாம் இடம்

போன அத்தியாயத்தை அலஹுவேலாக்காரர்களின் கொண்டாட்டத்தோடு முடித்தேன். 2000, 2001, 2002, 2003 என்று வரிசையாக நான்கு வருடம் கோஸ்டரிக்காவின் கால்பந்துப் பட்டம் அந்த ஊருக்கே போனது. எழுபதுகளில் தொடர்ந்து ஆறு பட்டம் வாங்கிய சப்ரிஸ்ஸா கிளப், நம் ஊதா அரக்கன், இந்த நான்கு வருடமும் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. தலைநகர் சான் ஹோஸேயின் வடக்கு ஓரத்தில், திபாஸில் இருக்கிறது அவர்களுடைய மைதானம். 'குகை' என்று செல்லப் பெயர். அரக்கன் வசிக்கிற குகை. அந்த நாட்களில் அரக்கனுக்கு வெளியே தலைகாட்டவே வெட்கமாக இருந்திருக்கும்.

தோல்வியாவது பழகிப் போகும், கடன் பழகாது. 2003-ல் கிளப் பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் மெக்ஸிகோவிலிருந்து ஒருவர் பையோடு வந்து இறங்கினார். ஹோர்ஹே வெர்காரா. சத்துப்பொடி, சத்துமாத்திரைகளை ஆள் மூலம் ஆள் பிடித்து விற்கும் 'ஓம்னிலைஃப்' நிறுவனத்தின் முதலாளி. சினிமாவிலும் கை வைத்தவர். அல்ஃபோன்ஸோ குவாரோன் இயக்கிய 'இ து மாமா தாம்பியென்' படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். முந்தின வருடம்தான் குவாதலஹாராவின் புகழ்பெற்ற 'சீவாஸ்' கிளப்பை வாங்கியிருந்தார். மெக்ஸிகோக்காரர்களை மட்டுமே ஆட விடும் கிளப் அது. அடுத்தது சப்ரிஸ்ஸா. அதற்கும் அடுத்தது 2005-ல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் தொடங்கிய 'சீவாஸ் யு.எஸ்.ஏ.' மூன்று நாட்டில் மூன்று கிளப், ஒரே முதலாளி.

பழைய ரசிகர்களுக்கு இது தொண்டையில் சிக்கிய முள். 1935-ல் பேட்டோ ஃபெர்னாண்டஸ் தெருப் பையன்களைக் கூட்டி ஆரம்பித்த கிளப், ரிக்கார்டோ சப்ரிஸ்ஸா தன் பெயரையும் கைக்காசையும் கொடுத்து வளர்த்த கிளப், கடைசியில் ஒரு மாத்திரை வியாபாரியின் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டதே என்ற ஆதங்கம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரிக்கார்டோ சப்ரிஸ்ஸாவும் வெளியூர்க்காரர்தான் என்பதை அவர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். சான் சல்வதோரில் பிறந்து, பார்சலோனாவில் எஸ்பன்யோல் அணிக்கு ஆடி, 1924 ஒலிம்பிக்ஸில் ஸ்பெயினுக்காக டென்னிஸ் மட்டையையும் தூக்கிய மனிதர் அவர். கோஸ்டரிக்காவுக்கு வந்து சேர்ந்தது அதற்கெல்லாம் அப்புறம்தான்.

புது முதலாளி வந்த வருடமே கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் தரையில் நடந்தது. குகையின் புல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் செயற்கைப் புல் விரித்தார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சான் ஹோஸே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,150 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மே மாதம் தொடங்கினால் நவம்பர் வரை மழை. காலையில் வெயில் பளீரென்று அடிக்கும். மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் வானம் கறுத்து வாளி வாளியாகக் கொட்டும். வாரம் இரண்டு ஆட்டம் நடக்கிற மைதானத்தில் இந்த மழைக்கு எந்தப் புல் தாங்கும்? கோல் வாசலில் முதலில் வழுக்கை விழும், பிறகு சேறு, பிறகு குளம். பிளாஸ்டிக் இழைப் புல்லில் அந்தத் தொல்லை கிடையாது. இழைகளுக்கு நடுவே மணலும் ரப்பர் குருணையும் கொட்டி நிரவியிருப்பார்கள். தண்ணீர் அடியில் வடிந்துவிடும். தொல்லை வேறு மாதிரி வரும். ஓடுகிறவனின் காலுக்குப் பின்னால் கறுப்புக் குருணை சின்னச் சின்னத் தூவானமாகத் தெறிக்கும். ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றினால் உள்ளேயிருந்து கடுகு கொட்டுகிற மாதிரி கொட்டும். சறுக்கி விழுந்தவனின் தொடையில் தோல் வழண்டு எரியும். வெயில் ஏறினால் டயர் கடை வாசனை. பந்து தரையில் பட்டதும் எழும்பும் விதமே வேறு. பழகாதவன் அது வந்து சேரும் நேரத்தை அரை நொடி தப்பாகக் கணக்குப் போடுவான்.

அந்த அரை நொடி சப்ரிஸ்ஸாவுக்குச் சொந்தமாயிற்று. தினமும் அதிலேயே பயிற்சி செய்கிறவன் பழகிவிடுவான், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற விருந்தாளி பழக மாட்டான். எதிரணிகள் முணுமுணுத்தன. முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. இருந்தாலும், உயரத்தில் இருக்கிற ஊர்க்காரன் உயரத்தைப் பயன்படுத்துகிறான், வெயில் ஊர்க்காரன் மதியம் மூன்று மணிக்கு ஆட்டம் வைக்கிறான். சப்ரிஸ்ஸா ரப்பரைப் பயன்படுத்தியது.

முதலாளி மாறினார், தரை மாறியது. மூன்றாவது மாற்றம் பெஞ்சில். எர்னான் மெட்ஃபோர்ட் பயிற்சியாளர் ஆனார்.

கோஸ்டரிக்காவில் இந்தப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தால் சிரிப்பார்கள். 1990 உலகக்கோப்பையில், ஜெனோவாவில், ஸ்வீடனுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து, முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் தனியாக ஓடி கோல் போட்டவர். முதல்முறை உலகக்கோப்பைக்குப் போன நாடு அந்த கோலால் இரண்டாவது சுற்றுக்குள் நுழைந்தது. பதினொரு வருடம் கழித்து, 2001 ஜூன் 16 அன்று, மெக்ஸிகோ சிட்டியின் அஸ்டெக்கா மைதானத்தில் இன்னொன்று. உலகக்கோப்பைத் தகுதி ஆட்டத்தில் அந்த மைதானத்தில் மெக்ஸிகோ அதுவரை தோற்றதே இல்லை. அன்று 2–1 என்று தோற்றது, வெற்றி கோல் மெட்ஃபோர்டுடையது. 'அஸ்டெக்காஸோ' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஆக, பெரிய இடத்தில் பயப்படாமல் நிற்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க அந்த நாட்டில் இவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. 35 வயதில் பூட்ஸைக் கழற்றிவிட்டு நேராகப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

2003–04 பருவத்தின் பட்டம் சப்ரிஸ்ஸாவுக்கு வந்தது. நான்கு வருட வறட்சி தீர்ந்தது. ஆனால் அந்த இனிப்பை முழுதாகச் சுவைக்க விடவில்லை அலஹுவேலா.

2004 மே மாதம் வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கண்டத்தின் சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டி. மெக்ஸிகோ, அமெரிக்கக் கிளப்கள் எல்லாம் வெளியேறிவிட, எஞ்சி நின்றவை சப்ரிஸ்ஸாவும் அலஹுவேலாவின் கிளப்பான அலஹுவெலென்ஸேயும். இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இரண்டு கிளப்கள் கண்டத்தின் இறுதிப் போட்டியில்! குகையில் நடந்த முதல் ஆட்டம் 1–1. அலஹுவேலாவில் நடந்த இரண்டாவது ஆட்டம் 4–0. சப்ரிஸ்ஸாவின் பக்கம் அந்த நான்கைப் பற்றி இன்றைக்கும் பேச மாட்டார்கள்.

இந்த இரண்டு ஊருக்கும் இடையே ஒரு வேடிக்கை உண்டு. இந்தத் தொடரில் எங்காவது சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தேன், இதுதான் இடம். குகைக்குப் பெயர் கொடுத்த ரிக்கார்டோ சப்ரிஸ்ஸா ஆடியது எஸ்பன்யோல் கிளப்புக்கு. அலஹுவேலா மைதானத்துக்குப் பெயர் கொடுத்தவர் அலெஹாந்த்ரோ மொரேரா சோத்தோ. அவர் முப்பதுகளில் ஸ்பெயின் போய் ஆடியது பார்சலோனா கிளப்புக்கு. பார்சலோனா நகரத்தின் பங்காளிச் சண்டை கப்பலேறிக் கோஸ்டரிக்கா வந்து இரண்டு மைதானங்களின் நெற்றியில் ஒட்டிக்கொண்ட மாதிரி.

அந்த 4–0 அன்று அலஹுவேலா கண்டத்தின் அரசன். ஆனால் அரசனுக்குப் போக ஒரு சபை இல்லை. உலகக் கிளப் போட்டி என்று ஃபிஃபா 2000-ல் பிரேசிலில் ஒன்றை நடத்தியது. மெக்ஸிகோவின் நெகாக்ஸா அதில் ரியல் மாட்ரிடை பெனால்ட்டியில் வென்று மூன்றாம் இடம் வாங்கியது. 2001-ல் ஸ்பெயினில் அடுத்த போட்டி நடப்பதாக இருந்தது. ஹோண்டுராஸின் ஒலிம்பியாவுக்கு அதில் இடம்கூட ஒதுக்கியாயிற்று. மத்திய அமெரிக்காவிலிருந்து உலகப் போட்டிக்குப் போகும் முதல் கிளப் என்ற பெயர் ஒலிம்பியாவுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். பணச் சிக்கலில் போட்டியே ரத்தானது. பெட்டி கட்டியவர்கள் பெட்டியை அவிழ்த்தார்கள். அதன் பிறகு நான்கு வருடம் சத்தமே இல்லை. அலஹுவேலா கோப்பை வென்ற 2004-லும் இல்லை. 2005 டிசம்பரில் ஜப்பானில் மறுபடி நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. ஆறு கண்டங்களின் ஆறு சாம்பியன்களுக்கு அழைப்பு. அழைப்பு 2005-ன் சாம்பியனுக்கு.

ஒரு வருடம் முன்னால் வென்றவனுக்கு வெறும் கோப்பை, ஒரு வருடம் பின்னால் வென்றவனுக்கு விமான டிக்கெட். இதற்கெல்லாம் என்ன நியாயம் சொல்ல முடியும்?

2005 வசந்தத்தில் சப்ரிஸ்ஸா அந்த டிக்கெட்டைத் தேடிப் புறப்பட்டது. உள்நாட்டுப் பட்டம் அந்த வருடம் மறுபடி அலஹுவேலாவுக்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொந்த நாட்டில் இரண்டாவது ஆளாக இருந்துகொண்டுதான் கண்டத்தை வெல்லப் போனார்கள். காலிறுதியில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி. கூடுதல் நேரம் வரை இழுத்துத் தப்பினார்கள். அரையிறுதியில் மெக்ஸிகோவின் மொன்தெர்ரே. அங்கே பெனால்ட்டி வரை போய்த் தப்பினார்கள். இறுதியில் பூமாஸ்.

பூமாஸ் என்றால் மெக்ஸிகோவின் தேசியப் பல்கலைக்கழகக் கிளப். 2004-ல் நடந்த இரண்டு பருவங்களிலும் அவர்களே மெக்ஸிகோ சாம்பியன். அதே வருடம் மாட்ரிடுக்குப் போய் பெர்னபேயு மைதானத்தில் நடந்த நட்புக் கோப்பையில் ரியல் மாட்ரிடை 1–0 என்று தோற்கடித்துவிட்டு வந்தவர்கள். பயிற்சியாளர் ஹ்யூகோ சான்செஸ், மெக்ஸிகோ பெற்ற மிகப் பெரிய கோல்காரர். காகிதத்தில் பார்த்தால் இது ஆட்டமே இல்லை.

முதல் ஆட்டம் குகையில், ரப்பர் தரையில். சப்ரிஸ்ஸா 2–0. ஒரு வாரம் கழித்து இரண்டாவது ஆட்டம், 2,200 மீட்டருக்கும் மேலே, 1968 ஒலிம்பிக்ஸ் நடந்த பல்கலைக்கழக மைதானத்தில். அதன் முகப்பில் தியேகோ ரிவேரா கல்லில் செய்த பெரிய புடைப்புச் சித்திரம் ஒன்று உண்டு. அங்கே பூமாஸ் 2–1 என்று வென்றது. கூட்டிப் பார்த்தால் 3–2. தோற்ற ராத்திரியில் கோப்பையைத் தூக்கினார்கள். மெட்ஃபோர்டுக்கு மெக்ஸிகோ சிட்டியில் இது இரண்டாவது கொண்டாட்டம்.

கிளப்புக்கு அது மூன்றாவது கண்டக் கோப்பை, 1993-க்கும் 1995-க்கும் பிறகு. எழுபதாவது பிறந்தநாள் வேறு ஜூலையில் வந்தது. ஆனால் யாரும் கேக்கைப் பற்றி யோசிக்கவில்லை. மே 25 அன்று இஸ்தான்புல்லில் லிவர்பூல் 3–0 என்று பின்தங்கியிருந்து மிலானை வென்றது. ஜப்பானில் யாரோடு மோத வேண்டியிருக்கும் என்று அன்று ராத்திரியே திபாஸில் கணக்குப் போட்டிருப்பார்கள்.

ஊதாச் சட்டைக்கு உலகம் புதிதல்ல. 1959-ல் உலகை ஒரு சுற்றுச் சுற்றி வந்த கதையை ஆறாம் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது காட்சி ஆட்டங்களுக்காகப் போன பயணம். கூட்டம் கைதட்டும், வீட்டுக்கு வரலாம். டிசம்பர் 2005-ல் கேட்டது வேறு கணக்கு.

கோஸ்டரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் பதினைந்து மணி நேர வித்தியாசம். அங்கே ராத்திரி விளக்கில் ஆட்டம் என்றால் இங்கே விடியாத கருக்கல். டிசம்பர் என்பது அந்த நாட்டில் காப்பிப் பழம் பறிக்கிற மாதம், மழை விட்டுக் காற்று குளிர்கிற மாதம். வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸுக்காகத் தமால் செய்வார்கள். அரைத்த மக்காச்சோள மாவுக்கு நடுவே பன்றிக்கறியும் காய்கறியும் வைத்து, வாழையிலையில் மடித்து, நூலால் இரண்டிரண்டாகக் கட்டி, அண்டாவில் வேக வைப்பது. அந்த ஆவி வாசனை நம் ஊர் இலையடைக்கு வெகு தூரத்தில் இல்லை. காப்பி இறக்குவதற்கு மரச் சட்டத்தில் தொங்கும் ஒரு துணிப்பை. அதில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் கீழே இருக்கும் குவளையில் சொட்டும். 'சொர்ரேயதோர்' என்று பெயர். திங்கட்கிழமை, டிசம்பர் 12, அந்தத் துணிப்பைகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே நனைந்தன.

முதல் எதிரி சிட்னி எஃப்.சி. ஓஷியானியாவின் சாம்பியன். ஆஸ்திரேலியாவின் ஏ-லீக் அந்த ஆகஸ்டில்தான் பிறந்தது. சிட்னிக்கு அது முதல் பருவம். எழுபது வயதுக் கிளப்புக்கு எதிரே பால் மணம் மாறாத கிளப். ஆனால் உள்ளே இருந்தவர்கள் பால்மணக்காரர்கள் அல்ல. மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய முன்கள வீரர் டுவைட் யோர்க் இருந்தார். ட்ரினிடாட்காரர் என்பதால் கோஸ்டரிக்கா ஆட்டம் அவருக்குப் பழக்கம். இன்னொருவர் கஸுயோஷி மியூரா, ஜப்பானின் 'கிங் கஸு'. 38 வயதில் சிட்னி அவரை விருந்தாளியாகச் சேர்த்திருந்தது. ஆக டொயோட்டா நகர மைதானத்தில் கூட்டம் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. பெஞ்சில் பியர் லிட்பார்ஸ்கி, 1990-ல் மேற்கு ஜெர்மனியோடு உலகக்கோப்பை வென்றவர். எதிர் பெஞ்சில் மெட்ஃபோர்ட், அதே இத்தாலியில் ஸ்வீடனைக் கவிழ்த்தவர்.

இரண்டாம் பாதி தொடங்கி இரண்டே நிமிடம். க்ரிஸ்டியன் பொலாஞோஸ் கோல் போட்டார். 21 வயது, ஒல்லி உடம்பு. பந்தோடு ஓடுகிறபோது எப்போது திரும்புவான் என்று அவனுக்கே அந்த நொடி வரை தெரியாதோ என்று தோன்றும். ஆட்டம் 1–0 என்றே முடிந்தது. பெரிய அழகு ஒன்றும் இல்லாத ஆட்டம். ஆனால் ஒரு மத்திய அமெரிக்கக் கிளப் ஃபிஃபாவின் உலகப் போட்டியில் இறங்கியது அதுதான் முதல் முறை. இறங்கிய முதல் ஆட்டத்திலேயே வெற்றி.

மூன்று நாள் கழித்து யோகோஹாமா. லிவர்பூல்.

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பீட்டர் கிரவுச் அந்தப் பருவத்தில் மாதக்கணக்காக ஒரு கோல்கூடப் போடாமல் இங்கிலாந்துப் பத்திரிகைகளின் கேலிக்கு ஆளாகி, டிசம்பர் தொடக்கத்தில்தான் கணக்கைத் திறந்திருந்தார். யோகோஹாமாவில் மூன்றாவது நிமிடத்திலேயே அடித்தார். 32-ல் ஸ்டீவன் ஜெரார்ட், 58-ல் மறுபடி கிரவுச். 3–0. லிவர்பூல் தொடர்ந்து பதினொரு ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்காமல் தன் கிளப் சாதனையை எட்டியது அன்றுதான். பதினொன்றாவது பலி சப்ரிஸ்ஸா. கோல்கீப்பர் ஹோஸே ஃப்ரான்சிஸ்கோ போர்ராஸ் காப்பாற்றாமல் விட்டிருந்தால் எண்ணிக்கை கூடியிருக்கும். வால்ட்டர் சென்டெனோ நடுக்களத்தில் பந்தைக் காலடியில் நிறுத்தி, தலை நிமிர்ந்து பார்த்து, நிதானமாக ஆட நினைக்கிற ஆள். அன்று அவருக்கு நிமிர்ந்து பார்க்க யாரும் அவகாசம் கொடுக்கவில்லை. குகையில் சொந்தமாக இருந்த அந்த அரை நொடி யோகோஹாமாவின் இயற்கைப் புல்லில் லிவர்பூல் பக்கம் போய்விட்டது.

மிச்சம் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்.

உலகக் கால்பந்தில் இந்த ஆட்டத்துக்கு மரியாதை இல்லை. அரையிறுதியில் தோற்று, வீட்டுக்குப் போகத் தவிக்கும் இரண்டு கூட்டத்தைப் பிடித்து நிறுத்தி ஆட வைப்பது. ஆறின கஞ்சி. அதுவும் இங்கே அதே நாளில், அதே மைதானத்தில், சில மணி நேரத்தில் லிவர்பூலும் சாவோ பாவ்லோவும் இறுதிப் போட்டி ஆடப் போகின்றன. ஜனங்கள் வந்ததே அதைப் பார்க்க.

ஆனால் கோஸ்டரிக்காவில் அது ஞாயிற்றுக்கிழமை பிறந்து ஒன்றிரண்டு மணி ஆன நேரம். தூங்காமல் இருப்பதா, தூங்கி எழுவதா என்று முடிவெடுக்க முடியாத வேளை. நாற்பது லட்சத்துச் சொச்சம் ஜனத்தொகை உள்ள நாட்டுக்கு 'உலகில் மூன்றாவது' என்ற சொல் ஆறின கஞ்சியாகத் தோன்றாது. நெகாக்ஸா வாங்கிய இடம் அது. மெக்ஸிகோக்காரனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும் என்றால் விழித்திருக்க மாட்டார்களா?

எதிரே ஜெத்தாவின் அல்-இத்திஹாத். ஆசியச் சாம்பியன்ஸ் லீகைத் தொடர்ந்து இரண்டு வருடம் வென்றவர்கள். இந்தப் போட்டியின் முதல் நாளில் எகிப்தின் அல் அஹ்லியை வீழ்த்தி, அரையிறுதியில் சாவோ பாவ்லோவிடம் 3–2 என்று கடைசி வரை போராடித் தோற்றவர்கள். இன்டர் மிலானில் ஆடிய சியரா லியோன்காரர் முகமது கல்லோன், இங்கிலாந்தில் மிடில்ஸ்ப்ரோவில் ஆடிய கேமரூன்காரர் ஜோசப்-டெஸிரே ஜோப் இருவரும் அணியில்.

13-ஆம் நிமிடம் ஆல்வரோ சபோரியோ, 1–0. 28-ல் கல்லோன், 1–1. 53-ல் பெனால்ட்டி, ஜோப் அடித்தார், 2–1. அதன் பிறகு அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கடிகாரம் மட்டும் ஓடியது. அந்த நேரத்தில் எத்தனை வீட்டில் டிவியை அணைத்திருப்பார்களோ. அணைத்தவர்களுக்காக வருத்தப்படுகிறேன். 85-ஆவது நிமிடம் சப்ரிஸ்ஸாவுக்குப் பெனால்ட்டி. சபோரியோவே எடுத்தார். 23 வயதுப் பையன், தன் இரண்டாவது கோலை வைக்கிற இடத்தில் வைத்தான். 2–2.

89-ஆவது நிமிடம், ஃப்ரீ கிக்.

பந்துக்குப் பின்னால் போய் நின்றது ரொனால்ட் கோமெஸ். பட்டப் பெயர் 'லா பாலா', தோட்டா. முப்பது வயது. கிரேக்கத்தில் க்ரீட் தீவின் ஓஃபி கிளப்பில் ஆடியவர். 2002 உலகக்கோப்பையில் சீனாவுக்கு எதிராகவும் பிரேசிலுக்கு எதிராகவும் கோல் போட்டவர். இந்த மாதிரி ஃப்ரீ கிக்கை உள்ளூரிலேயே ஆயிரம் முறை எடுத்திருப்பார். பந்தை வைப்பது, இரண்டு அடி பின்னால் போவது, சுவர் நகர்கிறதா என்று நடுவர் பார்ப்பது, கோல்கீப்பர் கம்பத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வது. இத்தனை சின்னச் சடங்குகளுக்கு நடுவே பந்து மட்டும்தான் அசையாமல் இருக்கும். கோமெஸ் உதைத்தார். தோட்டா போய் வலையில் அடங்கியது. 3–2.

நாலே நிமிடத்தில் ஆட்டம் தலைகீழ். பின்னர் அதே மைதானத்தில் சாவோ பாவ்லோ 1–0 என்று லிவர்பூலை வென்றது. மினேய்ரோ போட்ட அந்த கோல் லிவர்பூலின் கோல் வாங்காத வரிசையை முறித்தது. உலகப் பத்திரிகைகள் எழுதியது அதைப் பற்றித்தான். சப்ரிஸ்ஸாவுக்கு அடிக்குறிப்பில் ஒரு வரி. பரவாயில்லை; அடிக்குறிப்பிலும் எழுத்து எழுத்துத்தான்.

பரிசளிப்பில் இன்னொன்று கிடைத்தது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தங்கப் பந்து சாவோ பாவ்லோவின் கோல்கீப்பர் ரோஜேரியோ செனிக்கு. வெள்ளிப் பந்து ஜெரார்டுக்கு. வெண்கலப் பந்து பொலாஞோஸுக்கு. இஸ்தான்புல்லில் கோப்பையைத் தூக்கிய கேப்டனுக்கு அடுத்த இடத்தில் திபாஸின் ஒல்லிப் பையன் பெயர்.

அந்த அணி அதிக நாள் சேர்ந்திருக்கவில்லை. வெளிநாட்டில் ஆடப் போகிறவர்களைக் கோஸ்டரிக்காவில் 'லெஹியோனாரியோ' என்பார்கள், படையில் சேர்ந்து தூர தேசம் போனவன் என்கிற பொருளில். 2006-ல் சபோரியோ சுவிட்சர்லாந்தின் சியோனுக்குப் போனார், அடுத்து பொலாஞோஸ் டென்மார்க்குக்கு. போகும் முன் 2005–06 உள்நாட்டுப் பட்டத்தை அலஹுவேலாவிடமிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டே போனார்கள். 2006 ஜூன் 9, மியூனிக்கில் உலகக்கோப்பையின் முதல் ஆட்டம், ஜெர்மனிக்கு எதிராக. கோஸ்டரிக்காவின் கோல் வாசலில் போர்ராஸ், நடுவில் சென்டெனோ, முன்னால் கோமெஸ். மெட்ஃபோர்ட் அந்த வருடமே தேசிய அணியின் பயிற்சியாளர் நாற்காலிக்கு நகர்ந்தார். சென்டெனோ பயிற்சியாளராகத் திரும்பி வந்து 2019-ல் குகைக்கு ஒரு கண்டக் கோப்பை கொண்டுவந்ததும், வெர்காரா 2011-ல் கிளப்பை உள்ளூர்க்காரர்களிடமே விற்றுவிட்டுப் போனதும் வரும் அத்தியாயங்களுக்கு உரியவை. அந்த அணியின் தடுப்பாட்டக்காரர் கேப்ரியல் பதியா 2016-ல், 32 வயதில், ஓர் ஓட்டப் பந்தயத்தின் நடுவே சாய்ந்து இறந்ததை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அதற்கு இடம் கிடைக்காது.

ஜப்பானிலிருந்து திரும்பிய விமானத்துக்கு வருகிறேன். சான் ஹோஸேயின் பன்னாட்டு விமான நிலையம் பெயருக்குத்தான் சான் ஹோஸேயுடையது. ஓடுபாதை இருப்பது அலஹுவேலாவில். மொரேரா சோத்தோ மைதானத்திலிருந்து பக்கம். 4–0 வாங்கிய அதே ஊர். உலகில் மூன்றாவதாக வந்த சப்ரிஸ்ஸாக்காரர்கள் வெண்கலத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அங்கேதான் இறங்கியாக வேண்டும். குகைக்குப் போக வேறு வழி இல்லை.

(தொடரும்)